ஏழாகிப்போன ஒன்று

ஜூன் 4

வட்ட அலுவலகத்தின் தகவல் பிரிவில் இருப்பவர் யாரோ, அவருக்கு,

நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஸ்கூட்டர் டீச்சர் வீடு எது என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் காட்டுவார்கள். இப்போது கேட்க ஆளில்லை. வண்டி இரண்டு மாதமாகக் கீழே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

முந்தாநாள் நீங்கள் வீடு வீடாக ஒரு மஞ்சள் தாள் போட்டீர்கள். ஒரு பக்கம் 'தொற்றுக் காலத்தில் வாக்களிப்பது எப்படி', மறுபக்கம் 'உதவிக்கு அழையுங்கள்'. இரண்டு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் ஒரே எண். அது என்னுடைய எண்.

நேற்று மட்டும் நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். ஒருவர் தபால் ஓட்டுப் படிவம் எங்கே கிடைக்கும் என்கிறார். ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலம் ஏன் வரவில்லை என்று என்னைத் திட்டுகிறார். ஒரு பெண், "எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது, வண்டி அனுப்புங்க" என்றாள். இது அந்த எண் இல்லையம்மா என்று சொன்னேன். "தாள்ல போட்டிருக்கே" என்று அழுதாள்.

எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்துப் பழைய எண்ணில் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. அதனால் தெருவுக்கு மருந்தடிக்க வருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே திருத்தவும்.

ஸ்கூட்டர் டீச்சர், தகரத்துக்கு உள்ளே நாலாவது வீடு


ஜூன் 5

அம்மையீர்,

பார்வை: தங்கள் 4ஆம் தேதிக் கடிதம்.

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று, உரிய நடவடிக்கைக்காக மேல் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. முடிவு கிடைத்ததும் தெரிவிக்கப்படும். அதுவரை தங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறோம்.

எழுத்தர், தகவல் பிரிவு


ஜூன் 7

எழுத்தர் அவர்களுக்கு,

ஒத்துழைப்பு என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்குங்கள். இரண்டு நாளில் முந்நூறு பேருக்கு மேல் பேசியிருக்கிறேன். குளிக்கப் போனால் மாமியார் எடுக்கிறார். அவருக்கு எண்பத்திரண்டு வயது, காது மந்தம். யார் என்ன கேட்டாலும், "ஓட்டா? போடு, போடு, கட்டாயம் போடு" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஆக்சிஜன் கேட்டவருக்கும் அதுதான் பதில்.

இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. என் கணவர் ஐந்து நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது, நோயாளிகளை மாடிக்கு ஏற்ற முடியவில்லை என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்து ஓட வைத்துவிட்டு வந்தார். அதோடு வந்ததுதான் இது. இப்போது அதே ஆஸ்பத்திரியில் அவருக்குப் படுக்கை கேட்டுப் பதிந்திருக்கிறேன். வரிசையில் நூற்று நாற்பதாவது ஆள். படுக்கை காலியானால் இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு எண்ணிலிருந்து. அதனால் எந்த அழைப்பையும் நான் எடுக்காமல் விட முடியாது. புரிகிறதா உங்களுக்கு? ஊரில் யார் கூப்பிட்டாலும் அது ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று ஓடி எடுக்கிறேன். எடுத்தால் பொட்டலம் வரவில்லை என்கிறார்கள்.

விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் இன்று காலை ஆக்சிஜன் 93 காட்டியது.

பார்வை, கிடைக்கப்பெற்று என்றெல்லாம் எழுதாதீர்கள். மனிதர் மாதிரி எழுதுங்கள்.


ஜூன் 8

அம்மா,

இது அலுவலகக் கடிதம் இல்லை. பதிவேட்டில் ஏற்றவில்லை.

தாளைத் தட்டச்சு செய்தவன் நான். கையால் எழுதிக் கொடுத்த எண்ணில் கடைசிக்கு முந்தின இலக்கம் ஒன்று. தலையில் ஒரு கோடு இழுத்து எழுதியிருந்தார்கள். நான் ஏழு என்று அடித்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். சரிபார்க்கவில்லை. ஒரு தடவை அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்திருந்தால் போதும், நீங்கள் எடுத்திருப்பீர்கள். அன்று பிரிவில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் காய்ச்சல் என்று விடுப்பில் போய்விட்டார்கள். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திருத்தத் தாள் போட நினைத்தேன். தேர்தல் அறிவித்தபின் எதை அச்சிட்டாலும் தேர்தல் அதிகாரி அனுமதி வேண்டும். கோப்பு அவர் மேசையில் இருக்கிறது. அதில் 'அச்சுப் பிழை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், யார் பிழை என்று எழுதவில்லை. மேலதிகாரியிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நேற்று அவர் அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். இன்னும் நாலு வருடத்தில் ஓய்வு.

சரியான எண்ணையும் மற்ற விவரங்களையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் எண் மூன்று, ஆக்சிஜன் உருளை தருகிற இரண்டு இடங்கள், பொட்டலம் தருகிற பள்ளிக்கூடங்கள். எண்பது வயது தாண்டியவர்களும் தொற்று வந்தவர்களும் தபால் ஓட்டுப் படிவத்தைப் 12ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள் வாக்குப்பதிவு நாளில் கடைசி ஒரு மணி நேரம், ஆறிலிருந்து ஏழுக்குள் நேரில் வரலாம். கூப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். கேட்க எனக்கு வாயில்லை.

உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ள வழி உண்டா?


ஜூன் 10

சார்,

என்னால் மாற்ற முடியாது. படுக்கைப் பதிவு இந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கிறது. மாற்றினால் புதுப் பதிவு, வரிசையின் கடைசி.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கிழித்துப் போடத்தான் நினைத்தேன். இணைத்திருந்த தாள் வேண்டுமே என்று விட்டேன். சுவரில் ஒட்டி வைத்துக் கூப்பிடுகிறவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நல்ல மனசால் இல்லை. சரியான பதில் சொன்னால் சீக்கிரம் வைக்கிறார்கள், 'இது அந்த எண் இல்லை' என்று சொன்னால்தான் சண்டை நீளுகிறது.

இன்று காலை ஒரு அம்மா கூப்பிட்டார். தனியாக இருக்கிறார் போல. தபால் ஓட்டுப் போட்ட பிறகு ஓட்டு நாளுக்குள் தான் செத்துப்போனால் அந்த ஓட்டை எண்ணுவார்களா, தூக்கிப் போட்டுவிடுவார்களா என்று கேட்டார். தெரியாதும்மா என்றேன். "கேட்டு வைங்க, நான் லைன்ல இருக்கேன்" என்றார். லைனில் இருக்கிறவர் வைக்கவே இல்லை. மகன் பற்றி, மருமகள் பற்றி, பதினோரு நிமிடம். இடையில் காதுக்குள் பீப், பீப் என்று வேறு யாரோ கூப்பிடும் சத்தம். நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான் அது. எது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வைத்ததும் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. 'மூன்று முறை அழைத்தோம். இணைப்பு கிடைக்கவில்லை. படுக்கை அடுத்தவருக்கு ஒதுக்கப்பட்டது.'

திரும்பக் கூப்பிட்டேன். நாற்பது தடவை. எங்கேஜ்டு.

அவரிடம் நான் சொல்லவில்லை. அவரே கேட்டார், "ஏதாவது கூப்பிட்டாங்களா?" என்று. இன்னும் இல்லை என்றேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நான் அவரிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை.

89.

இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்? சொல்லுங்கள், சார். நான் யாரிடம் கேட்பது?


ஜூன் 11

அம்மா,

உங்கள் கடிதம் காலை எட்டு மணிக்குக் கையில் கிடைத்தது. நாற்காலியை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கை ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் முந்நூறு பேர் இருப்பார்கள். என் அடையாள அட்டையைக் காட்டி முன்னால் போயிருக்கலாம். வரிசையில் இருந்த முகங்களைப் பார்த்த பிறகு முடியவில்லை. நாலு மணி நேரம் நின்றேன். அட்டையைக் காட்டாமல் நின்றது சரியா என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த நாலு மணி நேரமும் உங்களுடையது அல்லவா.

ஜன்னலில் இருந்த பெண் முதலில் மறுத்தாள். "நீங்க நோயாளிக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். உறவு எதுவும் இல்லை, அவர் வீட்டு எண்ணைக் கெடுத்தவன் நான் என்று சொன்னேன். பிறகு இரண்டாவது எண்ணாக என் கைபேசி எண்ணைச் சேர்த்தாள். உங்கள் கணவர் பெயர் வரிசையின் கீழே போகவில்லை, மேலேயேதான் இருக்கிறது. முதலில் எனக்குக் கூப்பிடுவதாகக் குறித்துக்கொண்டாள்.

கைபேசியை இனி கையை விட்டு வைக்க மாட்டேன். மனைவியிடமும் இந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருக்கிறாள்.

அந்த அம்மா கேட்டதற்கு இங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். தவறு என்னுடையது, சரிபார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று என் கையெழுத்தோடு எழுதியிருக்கிறேன். மேலதிகாரி வாசலில் திரும்பி வந்த கோழைக்கு இதுதான் முடிந்தது. எப்போது, யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம்.


ஜூன் 12

சார்,

85. அவருக்குப் பேச்சு வரவில்லை. சைகைதான். மருந்தடிக்கிறவர் தெருமுனையில் இருக்கிறார், ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். கூப்பிட்டார்களா?


ஜூன் 14

சார்,

நேற்று சரியாக ஒன்றும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிக்குத் தகரத்தை யாரோ தட்டுகிற சத்தம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்ட ஒல்லியான மனிதர், முகக்கவசம் தாடைக்கு இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஆம்புலன்ஸ். இத்தனை நாள் உங்களைத் திட்டும்போதெல்லாம் என் மனதில் தொப்பையும் தங்கக் கைக்கடிகாரமும் போட்ட ஒரு ஆள் இருந்தார்.

"நீங்கதானா அது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஆமாம்மா. இடம் கிடைச்சிருக்கு. ஒரு மணி நேரந்தான் வைப்பாங்களாம். சீக்கிரம்."

காவலுக்கு நின்றவர், "இந்தப் பக்கம் திறக்க ஆர்டர் இல்ல" என்று சொன்னதும், நீங்கள் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, 'என் பொறுப்பில் திறக்கச் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் மாடியிலிருந்து பார்த்தேன். தகரத்தை நீங்களும் அவருமாகத்தான் கழற்றினீர்கள்.

என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. தொற்று இருக்கிற வீடு, வெளியே வரக் கூடாது. என் கணவரைத் தூக்கி வைக்கும்போது என் பக்கம் கையைக் காட்டினார். போ உள்ளே என்றாரா, வா என்றாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மாமியார் கேட்டபடியே இருக்கிறார், "அவன் சாப்பிட்டானா?" என்று. சாப்பிட்டார் என்று சத்தமாகச் சொல்கிறேன். தெருவுக்கே கேட்கும்.

அவரைப் பற்றி உள்ளேயிருந்து ஒரு வார்த்தை கொண்டுவர உங்களால் முடியுமா? கெஞ்சிக் கேட்கிறேன்.


ஜூன் 17

அம்மா,

மூன்று நாளாக ஆஸ்பத்திரி விசாரணை ஜன்னலில் நிற்கிறேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பட்டியல் படிக்கிறார்கள். இன்று காலை, 'நிலை மாற்றமில்லை'. நேற்று மாலையும் அதுதான். மாற்றமில்லை என்பதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

உள்ளேயிருந்து வந்த ஒரு வார்டு ஊழியரைப் பிடித்துக் கேட்டேன். "யாரு, லிஃப்ட்காரரா?" என்று கேட்டார். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிய ஐந்து நிமிடத்தில் உங்கள் கணவர் அவரிடம் சொன்னாராம்: "மூணாம் நம்பர் லிஃப்ட் ஏறும்போது ஒரு சத்தம் வருது. பேரிங் போகப் போகுது. யாரையாவது வரச் சொல்லு." வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன். வீட்டில் போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாராம்.

திருத்த அனுமதி வந்துவிட்டது. நேற்று முதல் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சரியான எண்ணைச் சொல்கிறார்கள். இனி உங்களுக்கு அழைப்பு குறையும்.


ஜூன் 18

சார்,

போன் சார்ஜில்தான் இருக்கிறது. சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

அழைப்பு குறையவில்லை. ஏன் தெரியுமா? "அந்த நம்பருக்கு அடிச்சோம், யாரும் எடுக்கலை, நீங்கதான் எடுக்கறீங்க" என்கிறார்கள். விசாரித்தேன். சரியான எண்ணில் உட்கார்ந்து எடுக்க வேண்டியவர் நீங்கள். அந்த ஆள் என் கணவருக்காக ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கிறார்.

நேற்று ஒருவர், அண்ணனுக்கு ஆக்சிஜன் உருளை வேண்டும் என்றார். நீங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு இடமும் காலி. புதிதாக எங்கே இருக்கிறது என்பது உங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் இருக்கும். என்னிடம் இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "இனி வேண்டாங்க, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், சார்.

நியாயமாக நான் எழுத வேண்டியது, உங்கள் நாற்காலிக்குத் திரும்பிப் போங்கள் என்றுதான். இதற்கு முன் மூன்று தாள் எடுத்தேன். மூன்றிலும், போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள் என்றுதான் கை எழுதுகிறது. நான் நல்லவள் என்று இத்தனை நாள் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

திரும்பிப் போங்கள். மாலைப் பட்டியலுக்கு மட்டும் போய் வாருங்கள்.

இன்னொன்று. பத்தாம் தேதி கிடைக்காமல் போன அந்தப் படுக்கை கிடைத்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாரா? டாக்டர் யாராவது கண்ணில் பட்டால் கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள்.


ஜூன் 20

அம்மா,

நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். நேற்று இருநூற்றுப் பத்து அழைப்புகள் எடுத்தேன். இன்று முதல் ஒரு பெண்ணையும் உதவிக்குப் போட்டிருக்கிறார்கள். உருளைப் பட்டியல் இனி தினமும் காலையில் உங்களுக்கு ஒரு பிரதி வரும்.

மாலைப் பட்டியலில், 'கவலைக்கிடம்'.

டாக்டரைக் கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் அதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "சொல்ல முடியாது" என்றார். "மூணு நாள் முன்னாடி வந்தும் இறந்துபோனவங்களும் இருக்காங்க, மூணு நாள் கழிச்சு வந்து பிழைச்சவங்களும் இருக்காங்க." அவர் ஆம் என்று சொல்லியிருந்தால் ஒரு வழியாக இருந்திருக்கும். இல்லை என்று சொல்லியிருந்தாலும்.


ஜூன் 23

அம்மா,

இந்தக் கடிதத்தை மருந்தடிக்கிறவர் கையில் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. தகரத்துக்கு இந்தப் பக்கம் நானே நிற்கிறேன். என் எண்ணுக்குத்தான் கூப்பிட்டார்கள். காலை ஒன்பது இருபதுக்கு.

படித்துவிட்டு மாடியிலிருந்து பாருங்கள். நீங்கள் போகச் சொல்லும்வரை இங்கேதான் நிற்பேன்.


ஜூன் 30

சார்,

அன்று நீங்கள் இருட்டும்வரை நின்றதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் ஒரு தடவைக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை.

அவரைக் காட்டவில்லை. பையில் சுற்றிய ஒரு சட்டையும் கைக்கடிகாரமும் மட்டும் வந்தன. மாமியாரிடம் மூன்று நாள் சொல்லவில்லை. அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். இதை எப்படிக் கத்துவது? கடைசியில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

நேற்று ஓட்டுப் போடப் போனேன். தபால் படிவத்துக்குக் கடைசி நாளில் வீட்டில் என்ன நிலை என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்குப் பிறகு போனேன். தெருவிலிருந்து வேனில் அழைத்துப் போனார்கள், உடம்பு முழுக்க மூடுகிற உடை கொடுத்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் எட்டு பேர், ஆளுக்கு ஒரு வட்டத்துக்குள் நின்றோம். முகம் தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் என் குரலைக் கேட்டுத் திரும்பி, "நீங்க அந்த நம்பர்ல எடுக்கறவங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு நான் என்ன சொன்னேன், அது உதவியதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேசையில் இருந்த பெண் பட்டியலில் என் பெயரைத் தேடினாள். அதற்கு மேல் வரியில் அவர் பெயர். "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, வாய்ப்பழக்கம். வரலை என்றேன். அவள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து வேன் படியில் உட்கார்ந்துதான் அழுதேன். அந்த உடைக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதத்தை இன்று காலை மேல் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வேறு யார் வாயிலாகவும் உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நானே எழுதுகிறேன். ஆத்திரத்தில் அனுப்பவில்லை. ஆத்திரம் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு எண்ணை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு எழுத்தருக்குத் தெரிய வேண்டும். 'அச்சுப் பிழை' என்று கோப்பு மூடிக்கொண்டால் அது தெரியாது.

அதோடு நானும் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். நாலு மணி நேரம் வரிசையில் நின்றதை எழுதினேன். ஒரு செருப்போடு ஓடி வந்து தகரத்தைக் கழற்றியதை எழுதினேன். பொறுப்பு என்னுடையது என்று இரண்டு தடவை கையெழுத்துப் போட்டவர் நான் பார்த்தவரையில் அந்த அலுவலகத்தில் இவர் ஒருவர்தான் என்றும் எழுதினேன். படிக்கிறவர்கள் எதை எடுத்துக்கொண்டு எதை விடுவார்களோ எனக்குத் தெரியாது. என் கணவருக்குப் படுக்கை கிடைக்காமல் போனது உங்களால். கிடைத்ததும் உங்களால். ஒன்றை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை, சார்.